கடைசியாக எழுதியவர்

விடிந்ததும் அபிசாய் எழுந்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். பின்பக்கத்து எலுமிச்சை மரத்தில் நான்கைந்து இலை கிள்ளிக் கோப்பையில் போட்டு, கொதிநீரை ஊற்றினான். சர்க்கரை போட்டான். தடித்த பிஸ்கட்டில் வெண்ணெய் தடவி நின்றபடியே தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். சட்டை போட்டு, வேட்டிபோல இடுப்பில் சுலுவைச் சுற்றிக்கொண்டான். மழை பெய்துகொண்டிருந்தது. சுவாவில் மழை பெய்வதை யாரும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை. குடையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினான்.

பேருந்துக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டும் ஈரத்துணி வாடையுமாக இருந்தது. ஓட்டுநர் பாட்டை அலறவிட்டிருந்தார். சந்தைக்கு அருகே இறங்கி, பாடநூல் மையத்தின் மாடிக்கு நடந்தான்.

கணினியைத் திறந்தான். சர்வர் ஓடுகிறதா என்று பார்த்தான். ஓடியது. இரவில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு அனுமதி கொடுத்தான். பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் புதியது அனுப்பினான். இதெல்லாம் முடிந்தபின் ஒன்பதாம் பாடத்தைத் திறந்தான். அலையாத்திக் காடு. தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'கடைசியாக எழுதியவர்: கெலேரா.'

பார்த்தான். அதற்குக் கீழே போகவில்லை. பக்கத்தை மூடினான்.

கெலேரா அவனுடைய மனைவி. மார்ச் மாதம் இறந்துபோனாள். இப்போது அக்டோபர். வேலை நாட்களில் இதையெல்லாம் இதே வரிசையில் செய்தான். சனி ஞாயிறுகளில் பேருந்து மட்டும் இல்லை.

ஒன்பதாம் பாடம் இருந்த இணையதளத்தின் பெயர் வாலே. வீடு என்று பொருள். பெயர் வைத்தவள் அவள். நௌசோரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பாடநூல் வேறு ஏதோ ஊருக்காக எழுதப்பட்டது. அதில் பனி பெய்தது, செம்மறிகள் மேய்ந்தன.

"பனி எங்க இருக்கும்னு கேட்டா, ஃப்ரிட்ஜுக்குள்ள மேல் தட்டுலன்னு எழுதுது ஒரு பிள்ள" என்றாள். "நான் அதுக்குத் தப்புன்னு போடணுமா, ரைட்டுன்னு போடணுமா?"

தீவுகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்களே கூடித் தங்களுக்கு ஒரு புத்தகம் எழுதிக்கொண்டால் என்ன என்பது அவளுடைய யோசனை. ஆனால் லாவ் தீவுகளில் இருப்பவரையும் கந்தாவுவில் இருப்பவரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பதென்றால், கப்பல் வருவதற்குள் பள்ளிக்கூடம் லீவு விட்டுவிடும். இணையத்தில்தான் கூட முடியும். அபிசாய் வேலை பார்த்த மையம் தலையாட்டியது. அவன் தளத்தைக் கட்டினான். கைபேசியிலேயே எழுதலாம். சிக்னல் அறுந்தாலும் எழுதியது அழியாது. ஆள் மேட்டில் ஏறி நின்றதும் தானாகப் போய்ச் சேரும். யார் வேண்டுமானாலும் எந்தப் பாடத்தையும் திருத்தலாம். அப்படித்தான் இதுபோன்ற தளங்கள் உலகமெங்கும் ஓடுகின்றன என்று கல்லூரியில் அவன் படித்திருந்தான்.

ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். மளமளவென்று எழுதினார்கள். ஆனால் ஒருவர் பாடத்தில் இன்னொருவர் கை வைக்கவில்லை. கந்தாவுக்காரர் ஒருவர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெறப்போகிறவர், திமிங்கிலத்தை மீன்களோடு சேர்த்து எழுதியிருந்தார். அதன் கீழே பாராட்டு குவிந்தது. 'அருமை ஐயா.' 'உங்கள் உழைப்புக்கு நன்றி.' 'என் வகுப்பில் வாசித்தேன், பிள்ளைகள் மகிழ்ந்தார்கள்.' திமிங்கிலம் மீனாகவே இருந்தது.

அபிசாய்க்கு ஆத்திரம் வந்தது. அந்த நாட்களில் அவனுக்கு ஆத்திரமெல்லாம் வரும்.

"எல்லாரும் சயின்ஸ் வாத்தியார்தானே? திமிங்கிலம் மீனில்லன்னு ஒருத்தருக்குக் கூடவா தெரியாது?"

"எல்லாருக்கும் தெரியும்" என்றாள் கெலேரா.

"அப்புறம் ஏன் திருத்தல?"

"நீ தெரியாத ஊருக்குப் போனா, நேரா ஒருத்தர் அடுப்பங்கரைக்குள்ள நுழைஞ்சு, சட்டியத் திறந்து உப்பு போடுவியா?"

"இது வெப்சைட்டு."

"வாத்தியாருங்க வெப்சைட்லயா பொறந்தாங்க?"

அன்று மாலையே ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு பாடமும் ஒரு வீடு. எழுதத் தொடங்கியவர் வீட்டுக்காரர். ஊருக்குள் வருகிறவன் யங்கோனா வேர்க்கட்டை வீட்டுக்காரர் முன்னால் வைத்து, இன்ன காரியமாக வந்தேன் என்று செவுசெவு சொல்கிறானில்லையா, அதுபோல இங்கே வருகிறவர் 'வாசலில் நிற்கிறேன்' என்ற பட்டனை அமுக்கி, வந்த காரியத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். வீட்டுக்காரர் 'உள்ளே வாங்க' என்று அமுக்க வேண்டும். அதன்பிறகு வந்தவர் வீட்டு மனுஷர். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், வைக்கலாம்.

"வேணாம்னு சொல்ல ஒரு பட்டன் வேணுமே" என்றான் அபிசாய்.

"எதுக்கு?"

"ஆளப் புடிக்கலன்னா?"

"வேரக் கொண்டாந்து வாசல்ல உக்காந்தவன வேணாம்னு யாராவது சொல்லி நீ பாத்திருக்கியா?"

அவன் பார்த்ததில்லை. மறுப்பதற்குப் பட்டன் வைக்கவில்லை. வீட்டுக்காரரே இல்லாமற்போனால் யார் திறப்பது என்றும் இருவரும் யோசிக்கவில்லை. அவர்கள் அறிந்த வீடுகளில் எந்நேரமும் யாராவது இருந்தார்கள்.

கதவு வைத்த வாரத்திலேயே, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண் கந்தாவுக்காரரின் வாசலில் போய் நின்றாள். 'ஐயா, திமிங்கிலம் பற்றி ஒரு சின்னக் காரியம்.' அவர் உடனே திறந்தார். அவள் திமிங்கிலத்தை மீன்களிடமிருந்து பிரித்தெடுத்தாள். அவர் அவளுக்கு நன்றி எழுதினார். அதன்பிறகு ஆசிரியர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தபடியே இருந்தார்கள். புத்தகம் வளர்ந்தது. கெலேரா ஒன்பதாம் பாடத்தை எழுதத் தொடங்கினாள்.

பாதி எழுதியிருந்தபோது வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்து சில நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் நின்றது. வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது.

ரேவா ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிற அவளுடைய ஊரில் அடக்கம் நடந்தது. ஊர்க்காரர்கள் அவளுக்காக அலையாத்திக் காட்டின் ஒரு பக்கத்தில் கம்பு நட்டு, அங்கே யாரும் நண்டு பிடிக்கக் கூடாதென்று தடை போட்டார்கள். நூறாம் இரவு முடிந்ததும் கம்பைப் பிடுங்கி, நண்டு பிடித்து, விருந்து வைத்தார்கள். அபிசாயும் போயிருந்தான். துக்கத்துக்கு வளர்ந்திருந்த தாடியை வழித்துவிட்டார்கள். கொடுத்ததைத் தின்றான். திரும்பி வந்தான். அழவில்லை. அழுகை பிறகு எப்போதாவது வரும் என்று சொன்னார்கள். வரவில்லை.

ஒன்பதாம் பாடத்தின் வாசலில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். 'வேர் மூச்சுவிடும் பகுதிக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன், சேர்க்கலாமா?' 'எங்கள் ஊர்ப் பெயர்களையும் போடலாமா?' எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருக்கவில்லை. லாவிலிருந்து ஒரு ஆசிரியை ஜூனில் வந்து நின்றவள், ஆகஸ்டில் இன்னொரு வரி எழுதியிருந்தாள். 'மேடம், அவசரம் ஒன்றும் இல்லை. கை ஒழிந்தபோது திறங்கள்.'

தளத்தின் பொறுப்பாளன் யார் வீட்டை வேண்டுமானாலும் வீட்டுக்காரரின் சார்பில் திறக்கலாம். கந்தாவுக்காரரின் கைபேசி கடலில் விழுந்தபோது அபிசாய் அப்படித் திறந்திருக்கிறான். ஒரே ஒரு அமுக்கு. ஆனால் உள்ளே போகிறவர் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் தலைப்புக்குக் கீழே இருக்கிற பெயர் மாறிவிடும். அது அவனே எழுதிய நிரல். நான்கு வரி.

திங்கட்கிழமை ப்ரனீத்தா கூப்பிட்டனுப்பினாள். நூல் பிரிவின் தலைவி; ஐம்பது வயது. மேசையில் பாதி தின்ற ரொட்டிப் பொட்டலம் இருந்தது.

"உக்காரு அபிசாய். சாப்ட்டியா?"

"ஆச்சு மேடம்."

"பொய் சொல்லாத. இந்தா, உருளைக்கிழங்கு ரொட்டி. எடுத்துக்கோ." அவன் எடுத்துக்கொண்டான். அவள் விஷயத்துக்கு வந்தாள். "மத்த பாடமெல்லாம் முடிஞ்சுது. ஒம்பது மட்டும்தான் நிக்குது. வாசல்ல எத்தன பேரு?"

"பதினாறு."

"ஒருத்தருக்கும் பதில் போகல."

"போகல."

"வேணாம்னும் நீ சொல்லல."

"அதுக்குப் பட்டன் இல்ல மேடம்."

ப்ரனீத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"அவ எழுதினத அப்படியே போட்டுடலாமே" என்றான் அபிசாய்.

"பாதி வாக்கியத்துல நிக்குதுப்பா. 'கடல் வற்றும்போது இந்த வேர்கள்' அப்படின்னு. வேர்கள் என்ன பண்ணும்? பரீட்சையில கேட்டா பிள்ளைங்க என்ன எழுதும், கெலேரா மேடத்தக் கேளுங்கன்னா?"

அவன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மன்னிச்சுக்கோ. வாய் தவறிடுச்சு."

"பரவால்ல. மீதிய வேற ஒரு பாடமா வச்சா? இது அவளோடது, அடுத்தது மத்தவங்களோடது."

"ஒரே காட்டுக்கு ரெண்டு பாடமா? நல்லா யோசிச்சுதான் பேசறியா?" பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தாள். "இங்க பாரு. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாகணும். ஜனவரியில பள்ளிக்கூடம் திறக்குது. நாளைக்குள்ள நீ திறந்துவிட்டா அவங்க எப்படியும் முடிச்சிடுவாங்க. திறக்கலன்னா ஒம்பத எடுத்துட்டு, பத்த ஒம்பதாக்கிடுவேன். அவ ஆரம்பிச்சு வச்ச புத்தகத்துல அவ பாடம் இல்லாம போடறது எனக்குப் புடிச்சா செய்றேன்?"

"தெரியும் மேடம்."

"தெரியும் தெரியும்னு சொல்றத விட்டுட்டு ஏதாவது செய்."

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். பாடத்தை எடுத்துவிட்டால் அது எங்கும் போகாது. யாரும் படிக்காத ஒரு பக்கமாக சர்வரில் கிடக்கும். வாசலில் நிற்பவர்கள் போய்விடுவார்கள். அந்த வரி அப்படியே இருக்கும், அவன் சர்வருக்கு வாடகை கட்டும் வரையில். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அவள் எழுதியதை ஒரு பிள்ளையும் படிக்காது. இது அவனுக்கு அவ்வளவு மோசமான ஏற்பாடாகப் படவில்லை. படவில்லை என்பதைக் கவனித்தான். அதைப் பற்றி மேலே யோசிக்காமல் யாருக்கோ பாஸ்வேர்டு அனுப்பினான்.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பெரிய முதுகு தெரிந்தது. சகியாசி. கெலேராவின் அண்ணன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவனும் வாத்தியார். ரக்பி ஆடிக் காது நசுங்கியவன். ஒன்பதாம் பாடத்தின் வாசலில் முதலில் வந்து நின்ற பெயரும் அவனுடையதுதான். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் அவன் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. மடியில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ இருந்தது.

"புலா மச்சான்" என்றான் சகியாசி. "மலைக்காரன் மழைக்குக் குடை புடிச்சு இப்பதான் பாக்கறேன்."

"ரேவாக்காரன் சேத்துல பொறந்தவன், நனையட்டும்" என்றான் அபிசாய். வாய் தானாகச் சொன்னது. மனைவியின் அண்ணனுக்குப் பதிலுக்குப் பதில் சொல்லாமலிருந்தால் அது சண்டைபோலாகிவிடும். கதவைத் திறந்தான். "வா உள்ள."

"வரமாட்டேன்."

"ஏன்?"

"வாசல்ல நிக்கறேன்னு ஏப்ரல்ல பட்டன் அமுக்கினேன். இன்னும் யாரும் உள்ள கூப்பிடல. கம்ப்யூட்டர்ல ஒரு நியாயம், வீட்டுல ஒரு நியாயமா?"

"விளையாடாத மச்சான். நனையற."

"நனையறேன். ஏப்ரல்லருந்து நனையறேன்."

மேல் வீட்டுப் பெண்மணி படிக்கட்டில் எட்டிப் பார்த்தாள். "யாரு அது? சாவியத் தொலைச்சிட்டீங்களா?"

"சாவி இருக்கு அக்கா" என்றான் சகியாசி. "அமுக்கறதுக்கு விரல்தான் இல்ல இவனுக்கு."

அவள் ஒன்றும் புரியாமல் உள்ளே போனாள். அபிசாய் குடையைச் சுருக்கிச் சுவரில் சாய்த்தான். ப்ரனீத்தாதான் கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள். படகும் பேருந்துமாக அரை நாள் வந்திருக்கிறான்.

"மேடம் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஒம்பதத் தூக்கப் போறாங்கன்னு. நான் நம்பல. எங்க ஊர்ல காட்டையே திறந்துட்டோம் மச்சான். நண்டு புடிச்சு நீயும்தான் தின்ன. மலைக்காரன், காலத் தின்னவே தெரியாம ஓட்டோட கடிச்சுக்கிட்டு இருந்த, ஊரே பாத்துச்சு. பெத்தவங்க திறந்தாச்சு. நீ ஒரு வெப்சைட்டத் திறக்கமாட்டேங்கற."

"அது வேற."

"என்ன வேற?"

அபிசாய் தலைப்புக்குக் கீழே இருந்த வரியைப் பற்றிச் சொன்னான். யார் தொட்டாலும் பெயர் மாறிவிடும் என்றான். பழைய பிரதி எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும், ஒன்றும் அழியாது, ஆனால் மேலே வேறு பெயர் வந்துவிடும். சொல்லும்போதே அது சின்ன விஷயமாகக் கேட்டது. நான்கு வரி நிரல். மாற்ற வேண்டுமென்றால் மாற்றிவிடலாம். இந்தப் பாடத்துக்கு மட்டும் பெயர் மாறாமலிருக்கும்படி எழுதலாம். அப்படியும் ஒரு நாள் எழுதிப் பார்த்தான். ஓடியது. அது பொய்யாக இருந்ததால் அழித்துவிட்டான்.

சகியாசி கேலி செய்யவில்லை. செய்தித்தாளைப் பிரித்தான். காய்ந்த வேர்கள், பனை நாரால் கட்டியது. நனைந்த படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டை இரண்டு கையிலும் ஏந்தித் தலையைக் குனிந்துகொண்டான். குரல் மாறிவிட்டது.

"இந்த வீட்டுக்கு உரியவளே, என் கூடப் பிறந்தவளே. கொண்டுவந்தது சின்ன வேர். அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். உன் வாசலில் பதினாறு பேர் நிற்கிறோம். சிலர் மேட்டில் ஏறி நின்று கூப்பிடுகிறோம், சிலர் படகில் இருந்து கூப்பிடுகிறோம். எல்லார் சார்பிலும் நான் வந்திருக்கிறேன். நீ பாதி போட்ட பாயைப் பின்னி முடிக்க வந்தோம். எங்கள் கை உன் கை அளவுக்கு வராது. தவறு நேர்ந்தால் பொறுத்துக்கொள். உன் வீட்டில் உனக்குப் பதிலாக இருப்பவர் இதை ஏற்றுக்கொள்ளட்டும்."

வேர்க்கட்டை நிலைப்படியில் வைத்தான். பிறகு சாதாரணக் குரலில், "சின்ன வேர்னு சொல்றது மரியாதைக்கு. இது நிஜமாவே சின்னதுதான், கோச்சுக்காத" என்றான்.

அபிசாய் நிலைக்கு உட்பக்கம் நின்றான். வேர் கண் முன்னால் கிடந்தது. அதைத் தொடாமல் இருக்கலாம். தொடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் அப்படி இருந்து அவன் பார்த்ததில்லை. இருந்தவனைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை. சகியாசி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். மழை கொஞ்சம் வலுத்தது. அண்ணன்காரன் இரவு முழுவதும் வேண்டுமானாலும் அப்படியே உட்கார்ந்திருப்பான். ஊரில் போய் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அபிசாய் உட்கார்ந்தான். வேர்க்கட்டைத் தொட்டான். ஏற்றுக்கொள்கிறவர் சொல்ல வேண்டிய சொற்கள் இருக்கின்றன. கல்யாணத்திலும் சாவிலும் நூறு முறை கேட்டவை. பாதிதான் ஞாபகம் வந்தது. வந்த மட்டும் சொன்னான். சகியாசி உள்ளங்கைகளைக் குழித்து, கனத்த ஓசை எழ மூன்று முறை தட்டினான்.

"வினாகா" என்று நன்றி சொன்னான். எழுந்து சட்டையைப் பிழிந்தான். "துண்டு குடு. பசிக்குது. டின் மீனாவது இருக்கா, இல்ல எலுமிச்ச இலையக் கடிச்சுத்தான் உயிர் வாழறியா?"

மரவள்ளிக்கிழங்கு இருந்தது. மீன் டின்னும் இருந்தது. அபிசாய் கிழங்கை வேகவைத்தான். சகியாசி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேசையருகே வந்தான். அபிசாய் மடிக்கணினியைத் திறந்தான். ஒன்பதாம் பாடம். வாசல் பகுதிக்குப் போனான். பதினாறு பெயர்கள். சகியாசியின் பெயருக்கு எதிரே 'உள்ளே வாங்க' என்று இருந்தது. அமுக்கினான். பிறகு அடுத்த பெயர். அடுத்தது. லாவ் ஆசிரியைக்கும் அமுக்கினான். அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று நினைத்தான். எழுதினான். 'கெலேரா மார்ச்சில் இறந்துவிட்டாள். நீங்கள் உள்ளே வரலாம். அபிசாய்.' இதை யாருக்கும் அவன் எழுதியதில்லை. மற்றவர்கள்தான் எழுதினார்கள்.

மடிக்கணினியை மச்சான் பக்கம் தள்ளினான்.

சகியாசி தடித்த விரலால் பக்கத்தை மெல்ல நகர்த்திப் படித்தான். சில இடங்களை வாய்விட்டுப் படித்தான். "'இந்த மரத்துக்கு உப்புத் தண்ணீர் பழகிவிட்டது. எப்படிப் பழகியது என்று உங்கள் வீட்டில் நண்டு பிடிப்பவரிடம் கேளுங்கள்.' ஹா. எங்க அம்மாவத்தான் சொல்றா." மேலும் நகர்த்தினான். பிறகு நிறுத்தி, தலையைச் சாய்த்து, கணினியையே திருப்பிப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கினான்.

"இங்க பாரு. மரத்த யாரு இப்படி நட்டது?"

அபிசாய் பார்த்தான். கோட்டுப் படம். கந்தாவுக்காரர் கையால் வரைந்து அனுப்பியது. வேர்கள் மேலே விரிந்து நின்றன. இலைகள் சேற்றுக்குள் இருந்தன. சட்டென்று பார்த்தால் கிளை நிறைந்த ஏதோ மரம் என்றுதான் தோன்றும்.

"அவதான் ஏத்தினா" என்றான்.

"தங்கச்சிக்கு அலையாத்தி மரத்துல எது வேர், எது இலைன்னு தெரியாமலா? மலைக்காரனக் கட்டிக்கிட்டதும் மறந்துபோச்சா?"

"தெரியும். ஏத்தறப்ப திரும்பிடுச்சு. அப்புறம்தான் பாத்தா."

"பாத்துட்டுமா விட்டுட்டா?"

அபிசாய் கிழங்குப் பாத்திரத்தை இறக்கி வைத்தான். தண்ணீரை வடித்தான். ஆவி முகத்தில் அடித்தது.

சகியாசி சிரிப்பை நிறுத்தியிருந்தான். "மச்சான், ஒண்ணு கேக்கறேன். அம்மா ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கு, கடைசி நேரத்துல அவ கர்த்தர் பேரச் சொன்னான்னு. போதகரும் அடக்கத்தன்னைக்கு அதையேதான் சொன்னார். நீ வாயத் திறக்கல."

"அம்மாவுக்கு அது இருக்கட்டும்."

"இருக்கட்டும். நான் அம்மாகிட்ட சொல்லமாட்டேன். ஆனா அப்ப உள்ள இருந்தது நீ மட்டும்தான். என்னதான் சொன்னா?"

சகியாசியின் விரல் இன்னும் படத்தின் மேல் இருந்தது. திருப்புகிற குறி பக்கத்திலேயே இருந்தது. அமுக்கினால் மேலே பெயர் மாறிவிடும்.

அபிசாய் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் அவள் தண்ணீர் கேட்டாள். முகத்திலிருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கி, ஸ்பூனால் கொடுத்தான். இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவதை வேண்டாம் என்று தலையசைத்தாள். கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். வெளியே கிளம்பும்போது அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தவள்போலப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

"அந்த மரம் தலைகீழா நிக்குது. யாரையாவது திருப்பி வைக்கச் சொல்லு."